பருமாச் செல்வம் எவர் விளைத்தது?

பெருஞ்செல்வம் அங்காடியின் விளைவே. அரசு குறுக்கிடாதிருந்தால் திறமுடையான் உயர்வான், திறமிலான் தாழ்வான் என்று முழங்குவார் இன்று பெருகிவிட்டனர். அன்னார் ஒருமுறை காரைக்குடித் தெருக்களில் நடந்து, ஆங்குள்ள நெடுமனைகளின் தேக்குத் தூண்களை நோக்குவாராக! அவை பருமாக் காட்டில் வளர்ந்தவை. அவற்றை வாங்கிய பணத்திலும் பெரும்பங்கு பருமாக் கழனியில் விளைந்ததே. அக்கழனியை விலைப்பொருளாக்கியவர் எவர்?

1852-இல் கீழ்ப் பருமாவை ஆங்கிலர் படைகொண்டு கைப்பற்றினர். 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்தது. அரிசிக்கு ஐரோப்பா வாய் திறந்தது. 1876-இல் அவ்வரசு இயற்றிய நிலச்சட்டம், பன்னீராண்டு இடைவிடாது நிலத்தை ஆண்டு வரி செலுத்தியவனுக்கு அதனை விற்கவும் ஈடுவைக்கவும் உரிமை தந்தது. ஈடு பிறந்தது, ஈட்டின்மேற் கடன் பிறந்தது. வெள்ளையர் வைப்பகங்கள் உழவனுக்கு நேரே கடன் தாரா. அவ்விடத்தை நகரத்தார் நிரப்பினர். 1930-ஐ ஒட்டி நடந்த அரசின் உசாவலே அவர்தம் முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி உருபா எனக் கணித்தது.

சிக்கனமும் கணக்குத் திறனும் தம்முள் கொண்ட நம்பிக்கையுமே அவரை உயர்த்தின என்பார் உளர். அவை மெய்யே, எவர் மறுத்தார்? ஆயின் அதே நகரத்தார், அதே கணக்கேட்டோடு மலாயாவிலும் தொழில் செய்தனர், தோட்டங்களும் வாங்கினர். ஆங்கோ 1913-இல் மலாயர் ஒதுக்கீட்டு நிலச்சட்டம் வந்தது. 1933-இல் அதன் ஓட்டைகளும் அடைக்கப்பட்டன. ஒதுக்கிய நிலம் அயலார் கைக்குப் போகாவாறு வேலியிடப்பட்டது. பருமாவிலோ அத்தகைய முன்வரைவுகள் பலகால் எழுந்தும் கிடப்பிலேயே மடிந்தன. ஆள் ஒருவரே, ஆண்டவனும் ஆங்கிலனே, சட்டம் வேறு, விளைவும் வேறு!

1930-இல் நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை. நகரத்தார் வேண்டியது பணம். முறைமன்றம் அவர்க்களித்தது நிலம். கீழ்ப் பருமாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாயிருந்த அவர் நிலம், 1938-க்குள் 25 விழுக்காடாயிற்று. நிலமிழந்த பருமிய உழவன் கண்ணில் தமிழனே கொடியவனாய்த் தெரிந்தான். சுடீல் பிரதர்சு முதலிய நான்கு வெள்ளைக் கும்பினிகள் 1921-இலேயே ‘புல்லிஞ்சர்’ என்னும் கூட்டமைத்து நெல்விலையைத் தம் கைக்குள் அடக்கியிருந்ததை அவன் எங்ஙனம் காண்பான்? கும்பினிகள் தம்முள் போட்டியிட்டுக்கொள்ளும் என்று இன்றும் நம்புவார் அக்கூட்டினை எண்ணிப் பார்க்க. அரசு அதனைத் தடுத்ததா? இல்லை. முற்றுரிமை வெள்ளையனுக்கு, பழி தமிழனுக்கு!

அரசு ஆக்கியதை அரசே அழித்தது. 1942-இல் சப்பானியர் படையெடுப்பில் நகரத்தார் பலர் ஓடிவந்தனர். 1948-இல் விடுதலைபெற்ற பருமா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963-இல் வைப்பகங்களும், 1964-இல் கடைகளும் பறிபோயின. இவற்றுள் எதனை அங்காடி பறித்தது?

காரைக்குடியில் தூண்களேனும் எஞ்சின. கடைகளில் ஏவலாளாய் நின்றும் வயலில் நாற்று நட்டும் பிழைத்த ஏழைத் தமிழன், 1964-க்குப் பின் வெறுங்கையனாய்க் கப்பலேறிச் சென்னைக் கரையில் இறங்கினான். ஈட்டுப்பத்திரம் எதிலும் அவன் பெயர் இருந்ததில்லை.