ஜார்ஜ்டவுன்ல ஒரு பெருமாள்!

திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுல நின்னு 'பெருமாளு...'ன்னு ஒரு குரல் விட்டா, நாலு பேராவது திரும்பிப் பார்ப்பாங்க. வெஸ்ட் இண்டீஸ் டீமுக்கும் ஒரு பெருமாள் ஆடியிருக்கார், தெரியுமா? வீராசாமி பெருமாள். 2012-ல் டெஸ்ட் ஆட வந்த இடது கை ஸ்பின்னர். அவருக்கு முன்னாடி மகேந்திர நாகமுத்துன்னு ஒரு லெக் ஸ்பின்னர். ரெண்டு பேருக்கும் சொந்த நாடு கயானா. தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்துல இருக்கு. அதோட தலைநகர் ஜார்ஜ்டவுன்லதான் இந்த வாரம் மூணு நாள் ஊர் சுத்தப் போறோம்!

'ஸ்பானிஷ் தெரியாதே'ன்னு பயமா? தென் அமெரிக்காவில் ஆங்கிலம் ஆட்சி மொழியா இருக்கிற ஒரே நாடு இதுதான். வண்டிகூட நம்ம ஊர் மாதிரி ரோட்டுல இடது பக்கம்தான் போகும்.

முதல் நாள் நடராஜா சர்வீஸ். 1881-ல் இரும்பில் கட்டின ஸ்டாப்ரூக் மார்க்கெட், மேலே மணிக்கூண்டு. காராமணிக்கு அங்கே 'போரா'ன்னு பேரு. அப்புறம் செயின்ட் ஜார்ஜ் பேராலயம். 1892-ல் திறந்தது. 43 மீட்டர் உயரம், முழுக்க மரம்! அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் கடல் சுவர். கடல் பொங்கி வரும்போது ஊர் தண்ணி மட்டத்துக்குக் கீழே போயிடும். அதனாலதான் சுவர். ஊருக்குள்ள தேங்கற மழைத்தண்ணியை வெளியேத்த 'கோக்கர்'னு மதகு வெச்சிருக்காங்க. கடல் வத்தும்போது திறப்பாங்க, ஏறும்போது மூடுவாங்க. வெலிங்டன் ஏரி மதகைப் பார்த்து வளர்ந்த பசங்களுக்கு இதெல்லாம் விளக்கவே வேணாம். ஈஸ்டர் சமயத்துல போனீங்கன்னா சுவர் ஓரமெல்லாம் பட்டம்தான்.

மூணாம் நாளை மனுஷங்களுக்காக ஒதுக்குங்க. நகரத்துக்குள்ளேயே ஒரு நினைவுப் பூங்கா. அதுல 'விட்பி'ங்கற கப்பலோட வெண்கல மாதிரி நிக்குது. 1838 மே 5-ல் இந்தியக் கூலிகளை ஏத்திக்கிட்டு வந்து சேர்ந்த கப்பல். அதுல ஆரம்பிச்சு 1917 வரைக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவங்க சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் பேர். பெரும்பாலானவங்க கல்கத்தாவில் கப்பல் ஏறினவங்க. மதராஸ்ல ஏறினவங்க கொஞ்சம் பேர்தான். அவங்களுக்கு அங்கே 'மதராஸி'ன்னே பேராச்சு.

இந்தக் கொஞ்சம் பேர் மத்தவங்களோட கலந்து வாழ்ந்தாங்க. பிள்ளைங்க இங்கிலீஷ்ல படிச்சாங்க. மெல்ல மெல்ல வீட்டுல தமிழ் நின்னுபோச்சு. ஆனா மாரியம்மன் நின்னுபோகலை! மதராஸி கோயில்கள்ல இன்னிக்கும் தப்பு அடிக்கிறாங்க, கரகம் எடுக்கிறாங்க, வேப்பிலை இல்லாம பூஜை இல்லை. பேரும் போகலை. 2015-ல் இருந்து 2020 வரை கயானா பிரதமரா இருந்தவர் மோசஸ் நாகமுத்து!

அதனால ஒரு சின்ன ரிக்வெஸ்ட். அங்கே வீராசாமியோ நாகமுத்துவோ கை கொடுத்தா, 'தமிழனா இருந்துட்டு தமிழ் தெரியாதா?'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அது அவங்க தொலைச்சதில்லை. தோட்டத்துக்குக் கொண்டுபோனவங்க பாடம் சொல்லிக் கொடுக்கவா கூட்டிப்போனாங்க? அதைவிட, 'உங்க பேருக்கு எங்க ஊர்ல இதுதான் அர்த்தம்'னு பொறுமையா சொல்லிப் பாருங்க. 'நாகம்' எது, 'முத்து' எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. தாத்தா விட்டுப்போன பெட்டியைத் திறக்க ஒரு சாவி கொடுத்த மாதிரி இருக்கும். இதுக்கு விசா, டிக்கெட்கூட வேணாம் பாஸ்... நெட்ல ஒரு கயானா ஃபிரெண்ட் கிடைச்சாலே போதும்.

நிஜமாவே ஃபிளைட் ஏறுற அதிர்ஷ்டசாலிகளுக்கு ஒரு டிப்ஸ்: தீபாவளி அங்கே தேசிய விடுமுறை, வீடு முழுக்க விளக்கு ஏத்துவாங்க. பையில இடமிருந்தா, விருத்தாசலம் பீங்கான் அகல் ரெண்டைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. உடையாம போய்ச் சேரணும், அவ்வளவுதான்!