முதல் மேட்ச் தோத்தா கப் நமக்கு! கடலூர் ரசிகரின் கணக்கு இனி பலிக்குமா?

கடலூர்:-

"சென்னையின் எப்.சி. முதல் மேட்ச் தோத்துடுச்சா? சந்தோஷம்! கப் நமக்குத்தான்!"

மஞ்சக்குப்பம் டீக்கடையில் இந்தப் பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சொல்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். சொல்பவர்களில் நானும் ஒருவன்.

இது வெறும் ஜோசியம் இல்லை. கணக்கு இருக்கிறது.

2015 அக்டோபர். சீசனின் முதல் ஆட்டம், சென்னை நேரு ஸ்டேடியத்தில். எதிரி கொல்கத்தா. 2-3 தோல்வி. அந்த வருஷம் சாம்பியன் யார்? சென்னையின்!

2017 நவம்பர். மறுபடி முதல் ஆட்டம், மறுபடி அதே நேரு ஸ்டேடியம். எதிரி கோவா. மறுபடி அதே 2-3 தோல்வி. 2018 மார்ச் 17-ந்தேதி பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் கோப்பையைத் தூக்கியது யார்? நம்ம ஆளுங்கதான்!

இன்னொரு வேடிக்கை. அந்த இரண்டு பைனலிலும் ஸ்கோர் 3-2. தொடக்கத்தில் எந்தக் கணக்கில் விட்டோமோ, முடிவில் அதே கணக்கில் வாங்கினோம். இதற்கு மேல் ஒரு ரசிகனுக்கு என்ன வேண்டும்?

ஆனால் இந்தக் கணக்கை இனி நம்பலாமா என்பதுதான் இப்போது டீக்கடையில் சண்டை. சிதம்பரத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், "உங்க கணக்கு செத்துப்போச்சு சார்" என்று அடித்துச் சொல்கிறார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

கடைசி இடத்திலிருந்து கோப்பை

2015 சீசனைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அது கடலூர்க்காரன் மறக்க முடியாத வருஷம். இரண்டு விதத்தில் மறக்க முடியாத வருஷம்.

கொல்கத்தாவிடம் தோற்றதும் அடுத்து டெல்லியிடம் 0-1 தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் கோவாவுக்கே போய் 4-0 என்று வெளுத்து வாங்கினார்கள். கொலம்பியாக்காரர் மெண்டோசா ஹாட்ரிக்! சரி, வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தோம். ஓடவில்லை. நவம்பரில் பார்த்தால் பட்டியலில் கடைசி இடம்.

அதே நவம்பரில் நம்ம மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. கரண்ட் இல்லை. டி.வி. இல்லை. யாருக்கு புட்பால் ஞாபகம்? டிசம்பரில் சென்னையும் மூழ்கியது. அரை இறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது, புனேவுக்கு மாற்றப்பட்டது. இதற்கிடையில் நம்ம டீம் கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து அரை இறுதிக்குள் நுழைந்திருந்தது! புனேயில் கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20-ந்தேதி கோவாவில் பைனல். ஆட்டம் முடியும் நேரத்தில் 1-2 பின்தங்கல். 90-வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கையில் பட்டு ஒரு கோல். கூடுதல் நேரத்தில் மெண்டோசா இன்னொன்று. 3-2!

பயிற்சியாளர் மாடரசியை சீசன் நடுவில் யாரும் துரத்தவில்லை. 'முதல் பாதியைப் பார்த்து முடிவு கட்டாதே' என்ற பழக்கம் நமக்கு அன்றைக்கு ஏற்பட்டது.

88-வது நிமிஷம் எழுந்தவன்

2019-ல் அந்தப் பழக்கத்துக்கு வந்தது சோதனை.

கோவாவிடம் 0-3. மும்பையுடன் 0-0. கொல்கத்தாவிடம் 0-1. பெங்களூரிடம் 0-3. நாலு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை! அடுத்த ஆட்டம் நவம்பர் 25, திங்கட்கிழமை, ஐதராபாத்துடன், சென்னையில். நான் போயிருந்தேன்.

கடலூரிலிருந்து போய் ராத்திரி மேட்ச் பார்ப்பது என்றால் என்னவென்று சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. ஆட்டம் ஏழரைக்கு. முடிய ஒன்பதரை. அப்புறம் கோயம்பேடு ஓடி பஸ் பிடித்தால் விடிவதற்குள் வீடு. காலையில் டூட்டி. சிதம்பரத்துக்காரனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட.

88 நிமிஷம் பார்த்தேன். 0-0. ஐந்தாவது ஆட்டத்திலும் கோல் இல்லை. "போதும்டா சாமி" என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வந்து ரோட்டில் கால் வைத்தேன். உள்ளே ஒரு சத்தம்! செம்ப்ரி கோல். திரும்பி ஓடலாமா என்று நிற்கையில் உள்ளே மயான அமைதி. ஐதராபாத் சமன் செய்துவிட்டது. சரி, நம்ம தலையெழுத்து என்று நாலு எட்டு வைத்தேன். மறுபடி சத்தம். வால்ஸ்கிஸ்! 2-1. மூன்று கோலும் 90 நிமிஷத்துக்கு மேல். மூன்றையும் காதால் பார்த்தவன் நான்.

அடுத்த ஆட்டம் ஒடிசாவுடன் 2-2. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலகினார். 2018-ல் கோப்பை வாங்கித் தந்த அதே கிரிகோரி! ஓவன் காயில் வந்தார். மிச்சமிருந்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி. நாலாவது இடம். அரை இறுதியில் கோவாவை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 6-5 என்று தாண்டி பைனல். 2020 மார்ச் 14-ந்தேதி கொரோனா பயத்தில் ரசிகர்களே இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் 1-3 தோல்வி. கப் போனாலும் கடைசியிலிருந்து பைனல் வரை போனது சின்ன விஷயமா?

வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, செம்ப்ரி மூன்று பேருமே அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள். ஒருத்தர் ஓட்டம் ஒருத்தருக்குப் புரிய ஒரு மாசம் பிடித்தது. மோசமான தொடக்கத்துக்கு அது ஒரு காரணம். இப்படிப்பட்ட தொடக்கம் சரியாகிவிடும்.

நல்ல தொடக்கம், கெட்ட முடிவு

இப்போது பேப்பரைத் திருப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் ஜெயித்த வருஷங்கள் எப்படி முடிந்தன?

2020-ல் முதல் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 2-1 ஜெயித்தோம். அனிருத் தாபா முதல் நிமிஷத்திலேயே கோல் போட்டார். முடிவு? 20 ஆட்டத்தில் 3 வெற்றி, 11 டிரா, 8-வது இடம். தாபாவும் கிரிவெல்லாரோவும் நடுவிலேயே காயம் பட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் இறக்க ஆள் இல்லை. 2021-ல் முதல் இரண்டு ஆட்டமும் வெற்றி. பிறகு கோவாவிடம் 0-5 அடி, பயிற்சியாளர் பாண்டோவிச் காலி, மறுபடி 8-வது இடம். 2022-ல் கொல்கத்தாவுக்கே போய் மோகன் பகானை 2-1 ஜெயித்துக் காட்டினார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. முடிவு? மூன்றாவது தடவையாக 8!

2024-ல் ஒடிசாவில் 3-2 வெற்றியோடு தொடக்கம். நவம்பரில் ஜாம்ஷெட்பூரில் 5-1! இந்த வருஷம் விடமாட்டோம் என்று சட்டையெல்லாம் புதுசு வாங்கினோம். 13 டீமில் 11-வதாக முடித்தோம்.

நடுவில் 2023-ஐப் பாருங்கள். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. 0-2, 0-3, 1-3. அந்த வருஷம்தான் ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆப் போனார்கள்!

அதனால்தான் டீக்கடையில் அந்தப் பேச்சு. தோத்தா சந்தோஷம், ஜெயிச்சா பயம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கணக்குக்கு அடங்காத வருஷங்களும் இருக்கின்றன. 2014-ல் முதல் ஆட்டத்தில் ஜெயித்து, லீக்கிலும் முதலிடம் வந்து, அரை இறுதியில் கேரளாவிடம் போய் விழுந்தோம். 2018-19-ல் சாம்பியன் பட்டத்தோடு இறங்கி முதல் ஆறு ஆட்டத்தில் வெற்றியே இல்லை. "பார்த்துக்கலாம், நாம எப்பவும் லேட்டாத்தானே எழுந்திருப்போம்" என்று இருந்தோம். எழுந்திருக்கவே இல்லை. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம்!

அந்த வருஷத்துக்கும் 2019-க்கும் என்ன வித்தியாசம்? ஸ்கோரை மட்டும் பார்த்தால் தெரியாது. 2018-ல் வடகிழக்கு டீமுடன் சென்னையில் நடந்த ஆட்டம் ஒன்று போதும். நம்ம டீம் 3 கோல் போட்டது. மூன்று கோல் போட்டும் 3-4 தோல்வி! ஒக்பெச்சே என்ற ஒரே ஆள் முதல் பாதியிலேயே ஹாட்ரிக். கோல் போடத் தெரியாத டீம் ஒரு மாசத்தில் கற்றுக்கொள்ளும். போட்ட கோலைக் காப்பாற்றத் தெரியாத டீம் சீசன் முழுக்க அழ வைக்கும். இது என் அபிப்பிராயம். வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு எல்லாமே ஆட்டங்களின் எண்ணிக்கைதான்.

13 ஆட்டம்தான்!

அவர் சொல்வதைக் கேளுங்கள்:-

"2015-ல் 8 டீம். நாலு டீமுக்கு அரை இறுதி. பாதிப் பேர் பாஸ்! 2023-ல் 12 டீம், ஆறு பேருக்கு பிளே-ஆப். அப்பவும் பாதிப் பேர் பாஸ். அரைப் பரீட்சையில் கோட்டை விட்ட பையன் முழுப் பரீட்சையில் தேறிக்கொள்கிற மாதிரி. ஆனால் 2026-ல் என்ன நடந்தது?"

நடந்தது இதுதான். கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்தி வந்த கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ந்தேதியோடு முடிகிற நிலை. அதனால் 2025 ஜூலையில் சீசனையே நிறுத்தி வைத்தார்கள். சென்னையின் உள்ளிட்ட கிளப்புகள் ஆகஸ்டில் வேலைகளை நிறுத்தி வைத்தன. காயில் ஏற்கனவே போய்விட்டார். அவர் இடத்துக்கு கோவாக்காரர் கிளிபோர்ட் மிராண்டா வந்தார். அக்டோபரில் சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. பயிற்சியே சரியாக இல்லாமல் இறக்கிவிட்ட டீமை என்ன சொல்வது?

கடைசியில் சீசன் 2026 பிப்ரவரி 14-ந்தேதிதான் தொடங்கியது. 14 டீம். ஒருவரோடு ஒருவர் ஒரே ஒரு ஆட்டம். ஆக, ஒரு டீமுக்கு 13 ஆட்டம். அரை இறுதி கிடையாது, பிளே-ஆப் கிடையாது. பட்டியலில் முதலில் வருபவன் சாம்பியன்.

எந்த ஆட்டத்தில் என்ன ஸ்கோர் என்று இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. அதெல்லாம் அன்றன்றே பார்த்து அன்றன்றே திட்டியாச்சு. வாத்தியாரின் கணக்கு வேறே. 24 ஆட்ட சீசனில் முதல் ஐந்து ஆட்டம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. 13 ஆட்ட சீசனில் அதே ஐந்து ஆட்டம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. 2019 மாதிரி ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி எடுத்தால், மிச்சம் ஏழுதான். காயில் வந்து என்ன, கடவுளே வந்தால்தான் என்ன?

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம்ம ஊர்ப் பெண் பிள்ளைகளைக் கேட்டால் இதை எப்போதோ சொல்லியிருப்பார்கள் என்று பிறகு தோன்றியது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர் பெண். பெண்கள் தேசிய போட்டியில் குரூப்பில் கிடைப்பதே சில ஆட்டங்கள்தான். மெதுவாக ஆரம்பித்தால் ரயில் ஏறி ஊருக்கு வரவேண்டியதுதான். அந்தப் போட்டியில்தான் தமிழ்நாடு 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1, 2023-ல் அமிர்தசரசில் அரியானாவை 2-1 ஜெயித்து சாம்பியன் ஆனது. அவர்களுக்கு 'பார்த்துக்கலாம்' என்ற வார்த்தையே கிடையாது.

'பார்த்துக்கலாம்' என்பது கிளப்புக்கு மட்டும் உள்ள வியாதியா? ரசிகனுக்கும் உண்டு. முதல் இரண்டு ஆட்டம் தோற்றால் மூன்றாவது ஆட்டத்துக்கு பாதி ஸ்டேடியம் காலி. ஜெயிக்க ஆரம்பித்ததும் மறுபடி வருவோம். 24 ஆட்டம் இருந்தபோது வர நேரம் இருந்தது. ஒரே ரவுண்டு சீசனில் சென்னையில் நடப்பதே ஆறோ ஏழோ ஆட்டம். நாம் மனசு மாறி வருவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

போவதிலும் கஷ்டம் கூடியிருக்கிறது. திண்டிவனம் வழி பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டதால் பெரியமேட்டிலிருந்து கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் முதலில் போய்ச் சேர வேண்டும். ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்து எப்போது போய், எப்போது பஸ் பிடித்து, எப்போது ஊர் வந்து சேர்வது? இப்போது என் மகனும் கூட வருகிறேன் என்கிறான். அவனுக்கு மறுநாள் ஸ்கூல்.

வாத்தியாரிடம் கேட்டேன். "சனிக்கிழமை மேட்ச்சா பார்த்துப் போலாம் சார். ராத்திரி எழும்பூரில் படுத்துக்கலாம், காலை ரயிலில் வந்துடலாம். நான் திருப்பாப்புலியூரில் உங்களை இறக்கிவிட்டு அப்படியே சிதம்பரம் போயிடறேன்" என்றார்.

சம்மதம் சொல்லிவிட்டேன். அடுத்த சீசனில் சென்னையில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட். 88-வது நிமிஷத்தில் எழுந்திருக்கக் கூடாது என்று வாத்தியார் கண்டிஷன் போட்டிருக்கிறார்.