கன்றுக்கும் மூச்சு முட்டும்

காலை நிகழ்ச்சிக்குக் கிள்ளானிலிருந்து அழைத்த ஓர் அக்கா பாட்டு கேட்கவில்லை, வைத்தியம் கேட்டார். தொட்டியில் வைத்த ‘கிறிஸ்துமஸ் மரக்’ கன்று நுனி நுனியாகக் காய்கிறதாம். வீடு, துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரிகள் ஓடும் சாலையோரம். “தண்ணி பத்தலையா தம்பி?”

தண்ணீரும் காரணமாகலாம். ஆனால் அந்தச் சாலை என்றால் நான் காற்றையும் சந்தேகிப்பேன்.

இங்கே நர்சரிகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அரோகேரியா, பசிபிக் தீவுகளின் ஊசியிலை மரம். ஊசியிலை மரங்கள் சட்டென்று இலை மாற்றுவதில்லை. ஓர் இலை பல ஆண்டுகள் நிற்கும். அத்தனை நாள் தூசியும் புகையும் அதன் கணக்கில்தான் ஏறும். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோன் இன்னும் மோசம். இலைத்துளை வழியே உள்ளே போய், இலை உணவு தயாரிக்கும் வேலையையே கெடுக்கிறது. பெரிய மரத்துக்குச் சேமிப்பு உண்டு. கன்றுக்கு ஏது? வரவு குறைந்தால் முதலில் வேருக்குப் போகும் பங்கைத்தான் குறைக்கும். மேலே பச்சையாகத் தெரியும், அடுத்த வறட்சியில் சாயும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சான் பெர்னார்டினோ மலைப் பைன் மரங்கள் 1950களில் மஞ்சளித்தன. காரணம் நகரத்துப் புகையில் பிறந்த ஓசோன் என்பது 1960களில்தான் தெளிவானது.

நமக்கோ கூடுதலாகப் புகைமூட்டம். 11 ஆகஸ்ட் 2005-இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகை வெளிச்சத்தையும் மறைக்கும். மழைக்காட்டின் தரையில் முளைக்கும் கன்றுக்குச் சாதாரண நாளிலேயே நூற்றில் ஓரிரு பங்கு வெயில்தான் எட்டும். அதிலும் கைவைத்தால்? 1997 புகைமூட்டத்தின்போது சரவாக்கில் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், மரங்களின் ஒளிச்சேர்க்கை குறைந்ததைப் பதிவு செய்தார்கள். நமக்கு முகக்கவசம் உண்டு, பள்ளிக்கு விடுமுறையும் உண்டு. அந்தக் குறியீடே மனிதர் உடல்நலத்தை வைத்துப் போட்டது. கன்றுக்கு எந்த எண்ணில் ஆபத்து என்று அது சொல்லாது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனியில் செடி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தொட்டியைச் சாலைப்பக்கமிருந்து பின்பக்கம் மாற்றுங்கள். வாரம் ஓரிரு முறை இலைகளை மேலிருந்து நீரால் அலசுங்கள். புகைமூட்ட நாளில் வெயில் குறைவு, மண் மெதுவாகத்தான் காயும். எனவே விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். உரம் பிறகு போடலாம். உச்சிக் குருத்தைத்தான் கவனமாகப் பார்க்கவேண்டும். அரோகேரியாவில் அது கருகிவிட்டால், பக்கக் கிளை எதுவும் நிமிர்ந்து அதன் இடத்தைப் பிடிக்காது.