காம்பு யார் தட்டில்?

சமையற்குறிப்புகளில் காளானைப் பற்றிய முதல் வரி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது: காளானைக் கழுவி, காம்பை நீக்கி, நறுக்கிக்கொள்ளவும். எதற்காக நீக்க வேண்டும், நீக்கியதை என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே பதில் கிடைப்பதில்லை. கவிதையும் விமர்சனமும் பேசுகிற இடத்தில் காளான் காம்புக்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் ஒரு வீட்டில் எது உணவு, எது கழிவு என்று தீர்மானிப்பது யார், கழிவென்று ஒதுக்கியதை உண்பது யார் என்ற கேள்விகள் இலக்கியத்துக்கு அந்நியமானவை அல்ல என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காம்பு.

எல்லாக் காம்பும் ஒரே குணமுடையது அன்று. கடைகளில் சிறு பெட்டிகளில் கிடைக்கும் மொட்டுக் காளானின் காம்பு தலையைப் போலவே மென்மையானது. நுனியில் கருத்த பகுதியை மட்டும் சீவிவிட்டால் போதும், அதை வீசுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. சிப்பிக் காளான் வேறு வகை. வைக்கோல் அடைத்த பையின் துளைகளிலிருந்து கொத்துக் கொத்தாக வெளிவருவதால், கொத்து ஒன்றுகூடும் அடிக்கட்டை ரப்பரைப் போல இறுகியிருக்கும். வளர்ப்பறையில் காற்றோட்டம் குறைந்து கரியமிலவாயு மிகுந்தால் தலை சிறுத்துக் காம்பு நீளும். அத்தகைய கொத்தில் நாம் விலை கொடுத்து வாங்குவதில் கணிசமான பங்கு காம்புதான். பால் காளானோ பருத்த தண்டுடையது. 1974-இல் வங்கத்திலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த இனத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற இரகத்தை வெளியிட்டது. நம் வெப்பத்தைத் தாங்குவதால் இங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. அதன் தண்டில் மண் ஒட்டிய அடிப்பகுதி மட்டுமே உண்மையில் கழிவு.

காம்பு ஏன் வேகுவதில்லை? காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கொதிநீரில் கரைவதால் கத்தரிக்காய் குழைகிறது. காளானின் செல்சுவர் வேறு பொருளால் ஆனது. 1811-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோன்னோ காளானிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் அதைக் கைட்டின் என்கிறோம். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பதும் அதுவே. தாவரங்களின் செல்லுலோஸ் தனியாக அடையாளம் காணப்பட்டது இதற்கும் பின்னர், 1838-இல். கைட்டினைக் கொதிநீர் கரைப்பதில்லை. தலையிலும் அது உண்டுதான். ஆனால் காம்பில் இழைகள் நெருக்கமாக, நெடுக்குவாட்டில், கயிற்றுப் புரிகளைப் போல ஓடுகின்றன. ஆகவே ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தாலும் நார் நாராகவே இருக்கும்.

இதிலிருந்து சமையலுக்கான விதி தானாகவே கிடைக்கிறது: நெருப்பால் ஆகாததை இரும்பால் செய்ய வேண்டும். காம்பை நெடுக்கில் கிழிக்காமல் குறுக்கே, காசுக் கனத்துக்கும் குறைவாகச் சீவினால் இழைகள் குட்டையாகிவிடுகின்றன. மிளகு தட்டிப்போட்ட வறுவலில் அது உறுத்துவதில்லை. அதைவிடக் கடினமான அடிக்கட்டையை மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்து, நீர் வற்றும்வரை வாணலியில் கிளறி, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்து உருட்டிப் பொரித்தால் சைவக் கோலா உருண்டையாகிவிடும். காளானில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால், கிளறி வற்றவைக்கும் வேலையில் சோம்பல்பட்டால் உருண்டை எண்ணெயில் உதிர்ந்துவிடும்.

மூன்றாவது வழி, நாரை அப்படியே விட்டுவிட்டுச் சுவையை மட்டும் எடுத்துக்கொள்வது. ஜப்பானியர் இதில் வல்லவர்கள். ஷிடாகே காளானின் காம்பு அவர்களுக்கும் கடினமானதுதான். ஆனால் காம்புக்கு ஒரு சொல்லும், மரக்கட்டையில் பதிந்திருந்த கெட்டியான அடிநுனிக்கு இஷிசுகி என்று வேறொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். ஈட்டியின் அடிப்பூணுக்கும் அதே பெயர்தான். பெயர் தனித்தனியாக இருப்பதால் வெட்டும் இடமும் தெளிவாக இருக்கிறது. அடிநுனி போகும், காம்பு சாற்றுக்கு வரும். 1908-இல் இக்கேடா கிகுனே கொம்பு கடற்பாசியில் குளுட்டமேட்டின் சுவையைக் கண்டறிந்தார். உலர்ந்த ஷிடாகேவில் மிகுந்திருக்கும் குவானிலேட்டின் சுவையை 1957-இல் குனினாகா அகிரா இனங்கண்டார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டுத்தொகையைவிடப் பெரிதாகிறது. நம் தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு. ஷிடாகே கிடைக்கிறவர்கள் அதன் காம்புகளை உலர்த்தி வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் தக்காளி ரசம் வைத்துப் பார்க்கலாம். நம் ஊர்க் காளான்களின் சாறு அவ்வளவு அழுத்தமானதன்று. ஆனாலும் வெறும் நீரைவிட மேல். எந்தக் காம்பானாலும் பிசுபிசுத்தோ வாடையடித்தோ இருந்தால் சிக்கனம் பேசாமல் வீசிவிட வேண்டும். காட்டில் பறித்த காளானுக்கு நான் சொல்லும் எதுவும் பொருந்தாது.

நம் சமையலுக்கு இந்தப் புத்தி புதிதன்று. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகிறது, பலாக்கொட்டை குழம்புக்குப் போகிறது, வாழைத்தண்டின் நார் விரலில் சுற்றி எடுக்கப்படுகிறது, அரிசி களைந்த நீரில் புளி கரைக்கப்படுகிறது. கடைக் காளான் மட்டும் இந்தக் கைமுறைக்குள் இன்னும் வந்து சேரவில்லை. பாட்டியிடமிருந்து வராமல் பெட்டியிலிருந்து வந்த பொருள் என்பதால், பெட்டியோடு வந்த குறிப்பையே வேதமாகக் கொண்டுவிட்டோம்.

இவ்வளவும் சொல்லி நிறுத்திக்கொண்டால் இது சிக்கனத்தைப் போற்றும் இன்னொரு கட்டுரையாக முடிந்துவிடும். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. எதையும் வீணாக்காத பாட்டியை நெகிழ்ந்து எழுதுகிறவர்கள், வீணாகாத அந்தப் பொருள் யார் வயிற்றுக்குள் போயிற்று என்று கேட்பதில்லை. அடிப்பிடித்த சோறு, குழம்பின் வண்டல், நேற்றைய கூட்டு ஆகியவை நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவரின் தட்டுக்கே போயின. கடைசியாக உட்கார்ந்தவர் யார் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. காளானின் தலை பிரியாணிக்கும் காம்பு அம்மாவின் ரசத்துக்கும் போகுமானால், அந்தச் சிக்கனத்துக்குக் குப்பைத்தொட்டியே மேல்.

சங்கப் பாடல்களில் காளானின் பெயர் ஆம்பி. அது அங்கே வறுமையின் அடையாளமாக வருகிறது. புறநானூற்றின் 164-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம், சமைப்பதையே மறந்துபோன தம் அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைச் சொல்கிறார். நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலும் பாழ்பட்ட அட்டில் சுவரில் ஆம்பி பூத்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்புமில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்ணில் பட நாணிக் கதவை அடைக்கிறாள். இந்தக் காட்சியை வறுமைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கடைசிச் செய்தி. அந்தக் கீரையை அவள் தன் பெருஞ்சுற்றத்தோடு சேர்ந்து ஒன்றாகவே உண்கிறாள். எச்சமென்றும் நல்லதென்றும் இரண்டு தட்டுகள் அந்த வீட்டில் இல்லை.

எனவே காம்பைப் பற்றி நான் பரிந்துரைப்பது மூன்று. காம்பில் செய்த பண்டம் பொதுப் பாத்திரத்தில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே கரண்டியால் பரிமாறப்பட வேண்டும். அதைச் சீவுவதும் வற்றக் கிளறுவதும் கூடுதல் வேலை என்பதால், சிக்கனத்தை விரும்புகிறவரே கத்தியை எடுக்க வேண்டும். வீணாக்கக் கூடாது என்று கூடத்திலிருந்து சொல்வது எளிது. வீட்டில் யாருக்கும் அன்று நேரமில்லையென்றால் காம்பு செடித்தொட்டி மண்ணுக்குப் போகட்டும், அங்கே அது எருவாகும். அதற்காக எவரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.