பொறிவழி ஆடலும் நம் பொறுப்பும்

விளையாட்டென்பது வெயிலும் மண்ணும் கூடிய வெளியில் நிகழ்வது என்றே நம் தலைமுறை கற்றது. இன்றோ, மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற ஊர்களிலிருந்தும் ஓர் இளைஞன் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து, கடல்கடந்த நாட்டினரோடு ஒரே களத்தில் ஆடக்கூடிய காலம் வந்துவிட்டது. இதுகண்டு முதியோர் வெகுள்கின்றனர். இளையோர் அவ்வெகுளியைக் கண்டு நகைக்கின்றனர். வெகுளியும் நகைப்பும் ஆராய்ச்சியாகா. ஆதலின் இம்மலரில், பழைய மாணவர் என்ற உரிமையோடு, இப்பொருளைச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

இவ்வாடல் திடீரெனத் தோன்றியதன்று. 1998ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த ட்ரீம்காஸ்ட் என்னும் விளையாட்டுப் பொறி தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை அடைந்தது. 2002 நவம்பரில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் லைவ் சேவையைத் தொடங்கியபோது, ஆடுவோர் தம்முட் பேசுதற்கு ஒலிவாங்கியையும் உடன் வழங்கியது. அன்றுதொட்டு ஆட்டம் உரையாடலும் ஆயிற்று. 2017இல் பரவத் தொடங்கிய ஃபோர்ட்நைட் நூறு பேரை ஒரு களத்திற் கூட்டியது. விலையின்றிக் கிடைத்தமையால் மேலும் பரவிற்று. பல்லேபொலவிலுள்ளவன் கண்டியிலுள்ள தோழனோடு ஆடினும், பல ஆட்டங்களில் இருவர் விரலசைவும் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிங்கப்பூரின் சேவையகம்வரை சென்றே மீளும். அப்பயணம் இமைப்பொழுதில் முடிந்துவிடுகின்றது. தூரத்தை வென்ற இவ்விரைவே இதன் கவர்ச்சி.

இதன் நன்மையை மறைத்தல் நேர்மையன்று. 1983இன் பின் எம்மவர் பலர் உலகெங்கும் சிதறினர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் மாமன் மக்களோடு, ஆண்டிற்கொருமுறை சுகம் விசாரிப்பதோடு அமைந்த உறவு, வாரந்தோறும் ஒரே அணியில் நின்று ஆடும் உறவாகுமாயின் அதனை இகழ்தல் முறையோ? ஹாங்சூ நகரில் 2023இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்கள் முதன்முறையாகப் பதக்கத்திற்குரிய போட்டிகளாயின என்பதும் நினைக்கத்தக்கது.

ஆயினும் தீமையும் உண்டு. மைதானத்துக் கிரிக்கெட்டை அந்தி முடித்துவைக்கும். இவ்வாட்டத்திற்கோ அந்தியில்லை, நள்ளிரவிலும் எதிராட எங்கேனும் ஒருவர் விழித்திருப்பர். ஆட்டத்தை அடக்கியாள முடியாமையும், ஏனைய கடமைகளினும் அதனையே முதன்மையாகக் கொள்ளுதலும், கேடு விளைந்த பின்னும் விடாமையும் ஒருங்கே நேரின் அதனை நோயென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அவ்வகுப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆடுவோர் அனைவரும் நோயாளர் என்பது இதன் பொருளன்று.

பணமும் ஒரு கண்ணி. உள்ளிருப்பது யாதெனத் தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் செய்யும் முறையைச் சூதென 2018இல் பெல்ஜியம் தீர்ப்பளித்தது. சிறுவரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதாகவும், விரும்பாப் பொருளை வாங்கச் செய்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டுக்களைத் தீர்த்துக்கொள்ள, ஃபோர்ட்நைட்டை ஆக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் 52 கோடி அமெரிக்க டொலர் செலுத்த இசைந்தது. இளையோரின் குரலுரையாடல் தொடக்கத்தில் மூடப்பட்டிருத்தல் வேண்டும் என்பதும் அத்தீர்வின் ஒரு விதியாகும். பிள்ளையோடு பேசும் அயலான் யாவன் என அறியாதிருத்தல் சிறு குறையன்று.

இவற்றிற்கு அஞ்சித் தடைவிதிப்போரும் உளர். சீனம் 2021இல், 18 வயதிற்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணிவரை மட்டுமே இணையத்தில் ஆடலாம் என விதித்தது. அத்தகைய ஆணையை நாம் வேண்டோம். ஆணை கையைக் கட்டும்; தானே நிறுத்தும் மனத்திட்பத்தைத் தராது.

பொறிகளுள்ளேயே நேரத்தையும் செலவையும் பேச்சையும் வரையறுக்கும் அமைப்புக்கள் உள்ளன. ஆனால் அவை நம் வீடுகளில் ஆங்கிலத்திலேயே தோன்றுகின்றன. தமிழும் சிங்களமுமே அறிந்த தாய் தந்தையர்க்கு அவை பயனில. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவன் பெரும்பாலும் அச்சிறுவனே; காவலுக்குரிய திறவுகோலும் அவன் கையிலேயே இருக்கின்றது. நகரத்து வீட்டிற்கும் சிற்றூர் வீட்டிற்கும் இடையே நாம் காணும் உண்மையான ஏற்றத்தாழ்வு இதுவே.

இங்கேதான் பழைய மாணவரின் கடமை தொடங்குகின்றது. கணினித்துறையிற் பணிபுரியும் நம்மவர் பலர். அவர் கூடி, இவ்வமைப்புக்களைப் படங்களோடு விளக்கும் சிறு கைந்நூலொன்றைத் தமிழிலும், அயலவர் பொருட்டுச் சிங்களத்திலும் ஆக்கித் தருதல் வேண்டும். தவணைதோறும் ஒரு மாலையைப் பெற்றோர்க்கென ஒதுக்கிச் செய்துகாட்டலாம். பொறியைப் படுக்கையறையில் வையாது கூடத்தில் வைக்குமாறும், பரீட்சைக் காலத்திற்குரிய நேரத்தைப் பிள்ளையோடு பேசியே வகுக்குமாறும் அறிவுறுத்தலாம்.

விழாக்கள் வரும், போகும். கட்டடத்திற்குக் கல்நாட்டுவதும் நன்றே. ஆயின் ஒரு கைந்நூலுக்கு வேண்டும் பொருள் சிறிது. அதனாற் காக்கப்படும் இளமை பெரிது. இவ்விழா ஆண்டிலேயே அப்பணியைத் தொடங்குவோமாக.