பிடிக்கிறவனுக்கு யார் விசில் அடிப்பது?

போடிநாயக்கனூர்ப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கிற கபடிப் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த பொங்கலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். மேற்கே மலை கரேலென்று நிற்கும். போடிமெட்டு ஏறுகிற வண்டிகளின் விளக்கு அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். கீழே நாலு கம்பத்தில் ஃபோகஸ் லைட், சுற்றி ஜனம், மைக்கில் மூச்சு விடாமல் பேசுகிற ஒரு அண்ணன்.

நான் பார்த்த போட்டியில் கடைசி மூன்று நிமிஷம். வந்த ஊர் அணியின் ரைடர் அதுவரை பிடிபடவே இல்லை. உள்ளே வந்தான் என்றால் கண் சிமிட்டுவதற்குள் ஒருத்தன் தோளைத் தட்டிவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிடுவான். கூட்டம் எதிரணி என்றும் பார்க்காமல் அவனுக்கு விசில் அடித்தது. அப்போது உள்ளூர் அணியின் இடது மூலையில் நின்ற ஒரு ஒல்லிப் பையன், போனஸ் கோட்டுக்கு நீண்ட அவன் காலைக் கணுக்காலோடு பிடித்தான். பிடித்தது ஒரு கையில்தான். ஆனால் மற்ற ஆறு பேரும் அடுத்த நொடி மேலே விழுந்தார்கள். ஆட்டமே திரும்பிவிட்டது.

மைக் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? பிடிபட்டவன் பெயரைச் சொன்னார். “அடடா, நம்ம நட்சத்திர ரைடர் அவுட்!” என்றார். பிடித்தவன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். “மூலைல நிக்கிறவனா? ஏலத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போற பய சார்” என்றார். பெயர் அவருக்கும் தெரியாது.

பரிசளிப்பு இன்னும் விசேஷம். சிறந்த ரைடருக்குப் புது சைக்கிள். சிறந்த கேட்சருக்கு எவர்சில்வர் குடம். நடத்தியவர்கள் யார் என்று சொல்லப் போவதில்லை. ஏனென்றால் அவர்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. நீங்களும் நானும் செய்வதுதான். சினிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கில்லி’ (2004), ‘வெண்ணிலா கபடி குழு’ (2009), ‘பைசன்’ (2025) — மூன்றையும் நினைத்தால் உங்கள் கண்ணுக்குள் வருவது மூச்சுப் பிடித்துப் பாடிப் போகிற ஆளா, மூலையில் குனிந்து நிற்கிற ஆளா?

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று வரவு எழுதிப் பார்க்கிற புத்தி. கபடியில் ஒரு ரைடரைப் பிடித்தால் என்ன ஆகிறது? நமக்கு ஒரு புள்ளி. வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வருகிறார். எதிரணியின் முக்கியமான ரைடர் வெளியே போகிறார். அவர் திரும்பி வருகிறவரை அவர்களுடைய அடுத்தடுத்த ரைடுகளுக்கு இரண்டாம் தர ஆள்தான். களத்தில் நாம் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’, இரண்டு புள்ளி. ஸ்கோர் போர்டில் விழுவது ஒன்று. லெட்ஜரில் நாலு பதிவு. இதைப் போய் எவர்சில்வர் குடத்துக்குச் சமம் என்று முடிவு செய்தவர் எந்த ஆடிட்டர்?

சரி, பிடிப்பது அவ்வளவு லேசா? இல்லை. அதுவும் இப்போது ஆடுகிற வேகத்தில். சடுகுடு காலத்தில் ஒரு ஆள் மூச்சு உள்ளவரை பாடிக்கொண்டு சுற்றி வரலாம். இப்போது ஒரு ரைடுக்கு 30 விநாடி. தொடர்ந்து இரண்டு முறை சும்மா திரும்பினால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். பாதி ஆடுகளம் ஆறரை மீட்டர் நீளம். அதற்குள் ஏழு பேர். கெட்டிக்கார ரைடர் என்ன செய்வான்? அந்த ஏழு பேரும் கை கோத்து அமைப்பாக நிற்பதற்குள் பாய்ந்து உள்ளே வருவான். ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் திரும்பி சங்கிலியை அறுப்பான். ஏழு பேரை ஏழு தனி ஆளாக ஆக்கிவிட்டால் அவன் ஜெயித்த மாதிரி. திறந்த இடத்தில் ஒற்றை ஆள் ஒற்றை ஆளைப் பிடிப்பது, ஓடுகிற கோழியைப் பிடிக்கிற கதை.

அன்று என் பக்கத்தில் ஒரு பழைய ஆட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். “எல்லாம் ஓட்டமாப் போச்சு தம்பி. பிடிக்கிறவனுக்கு மூச்சு விட நேரம் இல்ல. முப்பது செகண்டை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்.”

பெரியவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. இதே புலம்பலை நம்மைவிடப் பணக்காரர்களும் புலம்பியிருக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு ஃபுட்பால் ஆடுகிறார்கள். பெயர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். மற்றவர்கள் மோதி விழத்தட்டுவார்கள். ஒரு பக்கம் 11 பேர். அதில் ‘ஸ்ப்ரெட் ஒஃபென்ஸ்’ என்று ஒரு தாக்குதல் முறை. தாக்குகிற அணி நடுவில் குவிந்து நிற்காமல் மைதானத்தின் அகலம் முழுக்கப் பரவி நிற்கும். அப்போது தடுக்கிறவர்களும் பரவியே ஆக வேண்டும். நடுவில் இடைவெளி விழும். நம் ரைடர் சங்கிலியை அறுக்கிற அதே தந்திரம். இதோடு வேகமும் சேர்ந்தது. ஒரு ஆட்டம் முடிந்ததும் கூடிப் பேசாமல் உடனே அடுத்த ஆட்டம். தடுக்கிறவர்களுக்கு ஆளை மாற்ற நேரம் கிடையாது, மூச்சு வாங்கவும் நேரம் கிடையாது. ஆரிகன் பல்கலைக்கழக அணி 2009 முதல் 2012 வரை சிப் கெல்லி என்கிற பயிற்சியாளரின் கீழ் இப்படி ஆடி எதிரணிகளைக் கலங்க அடித்தது.

அதற்குப் பெரிய அணிகளின் பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள்? நம் பெரியவர் மாதிரியே விதியை மாற்றக் கிளம்பினார்கள். 2014இல் ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ள 40 விநாடியில் முதல் 10 விநாடி போகும்வரை தாக்குகிற அணி பந்தைத் தொடக் கூடாதாம். கேட்டால், வீரர்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். அலபாமா அணியின் நிக் சேபன் மாதிரியான ஜாம்பவான் இதற்கு ஆதரவு. எதிர்ப்புக் கிளம்பியது. சில வாரத்திலேயே யோசனையை வாபஸ் வாங்கினார்கள்.

விதி வேலைக்கு ஆகவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது நடிப்பு. எதிரணி வேகம் பிடித்தால் தடுக்கிறவன் ஒருத்தன் ‘ஐயோ காலு’ என்று படுத்துவிடுவான். இந்த நாடகம் முற்றிப்போய், 2025இல் அதற்கே ஒரு விதி போட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைத்த பிறகு காயம் என்று படுத்து மருத்துவர் உள்ளே வந்தால், அந்த அணி ஒரு டைம்-அவுட்டை இழக்கும். நம் ஊரில் மட்டும் குறைச்சலா? ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில்தான் நம் பயல்களுக்குத் தண்ணி தாகம் எடுக்கும், முழங்கால் பட்டை கழன்றுகொள்ளும்.

உண்மையில் அந்த வேகத்துக்குப் பதில் சொன்னவர்கள் வேறு ஆட்கள். குண்டான தடுப்பாளரை எடுத்துவிட்டு ஓடக்கூடிய ஒல்லி ஆளை வைத்தார்கள். தலைக்கு மேல் பெரிதாக எதுவும் போகாதபடி பின்னால் ஆள் நிறுத்தினார்கள். சின்னச் சின்ன தூரத்தை விட்டுக் கொடுத்தார்கள். பந்து வைத்திருப்பவனை முதல் ஆள் நிறுத்தி வைத்தால் போதும், முடிப்பதற்கு இரண்டாவது மூன்றாவது ஆள் வந்து சேர வேண்டும் என்று பழக்கினார்கள். ஐயோவா ஸ்டேட் என்கிற சாதாரண அணி 2017இல் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்துகிற முறைக்கு மாறி, தரவரிசையில் மூன்றாவதாக இருந்த ஓக்லஹோமாவை அவர்கள் மைதானத்திலேயே 38-31 என்று தோற்கடித்தது.

இதில் நமக்குத் தெரியாதது எது? போனஸ் கோட்டைக் காட்டி ஆசை காட்டு, ஒரு புள்ளி போனாலும் போகட்டும், உள்ளே வரவிடு. தனி ஆளாக முன்னே பாயாதே. கார்னர் காலைப் பிடித்தால் கவர் இடுப்பை அடைக்க வேண்டும். அவன் கோட்டுப் பக்கம் திரும்புவதற்குள் மூன்றாவது ஆள் வழியை மறிக்க வேண்டும். இரண்டு ரைடு சும்மா அனுப்பு, மூன்றாவதில் அவன் வந்துதான் ஆக வேண்டும், அப்போது பிடி. எந்த ஊர்ப் பயிற்சியாளரைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வார். சொல்வார், ஆனால் சொல்லித் தர மாட்டார். சாயங்காலம் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசி ரைடு பழக்கத்துக்கே போய்விடும். பையன்களும் அதைத்தான் கேட்கிறார்கள். சைக்கிள் அங்கேதானே இருக்கிறது?

ஏழு பேர் ஒரே உடம்பாக அசைவது, தனி ஆள் பாய்ச்சல் மாதிரி பிறவியில் வருகிற சமாச்சாரம் அல்ல. தினம் தினம் சேர்ந்து விழுந்து பழக வேண்டும். விழுவதற்கு மேட் வேண்டும், குறைந்தது இளகிய மண்ணாவது வேண்டும். முந்தல், குரங்கணிப் பக்கம் போய்ப் பாருங்கள், மலைச் சரிவில் சமதளம் என்பதே தேடிக் கிடைக்கிற பொருள். கிடைக்கிற இடம் சரளைக்கல். ரைடர் அதில் ஓடலாம். பிடிக்கிறவன் குப்புற விழ வேண்டும். முழங்கையும் முட்டியும் யாருடையது?

இப்படிச் சின்ன ஊர்களில் மிச்சம் பிடிக்கிற காசுக்குப் பெரிய இடத்தில் வட்டியோடு கட்டியிருக்கிறோம். ஆசிய விளையாட்டில் 1990 முதல் 2014 வரை ஆண்கள் கபடியில் ஏழு தங்கம், ஏழும் இந்தியாவுக்கு. 2014 இறுதிப் போட்டியிலேயே ஈரான் 27-25 வரை வந்து எச்சரித்தது. நாம் கேட்டோமா? 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று வீழ்த்தியது. புகழ்பெற்ற ரைடர்கள் எல்லாம் இருந்தும் இந்திய அணி மொத்தமாக எடுத்தது 18 புள்ளி! மறுநாள் பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரானிடம்தான் தோற்றோம், 24-27. மல்யுத்தம் ஊறிய நாடு அது. பிடி என்பதை அவர்கள் மரியாதையான கலையாக வைத்திருக்கிறார்கள். நாம் அதை மிச்சம் மீதிப் பையன்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். 2023இல் ஹாங்சோவில் தங்கத்தை மீட்டோம், உண்மைதான். 33-29. புள்ளித் தகராறில் ஆட்டம் நின்று, ஏகப்பட்ட வாக்குவாதத்துக்குப் பிறகு.

“போங்க சார், ரைடர் ஜெயித்துக் கொடுக்கலையா?” என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கிறார். 2017 புரோ கபடியில் பர்தீப் நர்வால் ஒரே ஆட்டத்தில் 34 ரைடு புள்ளி எடுத்தார். இறுதிப் போட்டியில், தடுப்புக்கே பெயர் வாங்கிய குஜராத் அணியை அவருடைய பாட்னா 55-38 என்று நொறுக்கியது. மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அதே பாட்னா கோப்பை வாங்கியபோது கேப்டன் யார்? நம் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். வயசு 41. ரைடர் அல்ல, மூலையில் நின்று பிடிக்கிறவர். அவரை ‘அண்ணா’ என்று வடநாட்டுப் பையன்கள் கூப்பிட்டார்கள். இன்னொரு மூலையில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட வீடு.

தமிழ் தலைவாஸ் கதையையும் மறந்துவிடாதீர்கள். 2022இல் பவன் ஷெராவத் என்கிற ரைடருக்கு 2.26 கோடி கொட்டினார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு அடிபட்டு சீசனே போயிற்று. ஊரே துக்கம் விசாரித்தது. அந்த வருஷம்தான் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. இளம் ரைடர் நரேந்தர் புள்ளி எடுத்தார், சரி. பின்னால் சாகரும் சாஹில் குலியாவும் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

போடிக்காரர்களுக்கு ஏலம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏலத்தையே ஏலம் போடுகிற ஊர். கம்ப்யூட்டரில் விலை ஏறுகிற ஒவ்வொரு நொடியும், எந்தக் காய் எத்தனை மில்லிமீட்டர், நிறம் பச்சையா வெளுப்பா என்று பார்த்து வாங்குகிறவர்கள். அந்தக் கண்ணோடு கபடி ஏலத்தையும் பாருங்கள். புரோ கபடியில் முதன்முதலாக ஒரு கோடி தொட்ட ஆள் 2018இல் ஃபசல் அத்ராச்சலி, தடுப்பாளர். 2024இல் ஹரியானா 2.07 கோடிக்கு வாங்கியது முகமதுரெசா ஷாத்லூயியை. அவரும் முதலில் தடுப்பாளர்தான், ரைடு அப்புறம். அந்த வருஷக் கோப்பை ஹரியானாவுக்கு. 2025 ஏலத்தில் அதிக விலை போனதும் அதே ஷாத்லூயிதான், 2.23 கோடி. லாப நஷ்டம் பார்க்கிற முதலாளிக்குப் புரிந்தது, பக்தியோடு திருவிழாப் போட்டி நடத்துகிற கமிட்டிக்குப் புரியவில்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே, பேங்க் வேலை என்று நாலு பையன்களாவது கரை ஏறுகிற ஒரே ஆட்டம் இந்தப் பக்கத்தில் கபடி. ஆள் எடுக்க வருகிறவர் கையில் இருப்பது ஸ்கோர் ஷீட்டும் பரிசுப் பட்டியலும்தான். அதில் பெயர் இல்லாதவன் எப்படிப் பிடித்தான் என்று அவருக்கு யார் சொல்வது? மைக் அண்ணனே சொல்லவில்லையே.

அன்று ஆட்டம் முடிந்து அந்த ஒல்லிப் பையனைத் தேடிப் போனேன். முழங்கையில் தோல் உரிந்து, தண்ணீர் பாக்கெட்டை உடைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். பெயர் கேட்டேன், வெட்கத்தோடு சொன்னான். “ரைடு போவியா?” என்றேன். “போகச் சொல்றாங்க சார். எனக்குப் பிடிக்கத்தான் பிடிக்கும்” என்றான். காலையில் ஆறு மணிக்கு ஜீப், சுணங்கினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று கிளம்பிவிட்டான்.

இந்த வருஷப் போட்டிக்கான நோட்டீஸ் நண்பர் ஒருவர் மூலம் கைக்கு வந்திருக்கிறது. சிறந்த ரைடருக்கு இந்த முறை சைக்கிள் இல்லை, செல்போன். கொடுப்பவர் படத்தோடு போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘சிறந்த கேட்சர் பரிசு — உபயதாரர் தேவை.’