கொரோனா டெஸ்ட்டில் ஒளிந்திருந்த 'ஒளித் திருடன்'!

கொரோனா நாள்களில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் அதிகம் புழங்கிய வார்த்தை, 'சி.டி வேல்யூ'. "22 வந்திருக்காம், பயமா இருக்கு", "34தானே, ஒண்ணும் ஆகாது" என்று ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். அந்த எண்ணின் பின்னால் இருப்பது, இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே சத்தமில்லாமல் நடக்கும் ஒரு கைமாற்றம்.

ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்டில், மூக்கிலிருந்து எடுத்த மாதிரியோடு 'புரோப்' என்ற குட்டி டி.என்.ஏ துண்டும் சேர்க்கப்படும். அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் 'குவென்ச்சர்', அதாவது ஒளியை அணைப்பவர். வெளிச்சம் பட்டதும் சாயத்தின் எலக்ட்ரான் கிளர்ச்சியடையும். தனியாக இருந்தால் அந்த ஆற்றலை ஒளியாக உமிழ்ந்துவிட்டு அடங்கும். பக்கத்தில் அணைப்பவர் இருந்தால் கதை வேறு. ஒளி பிறப்பதற்கு முன்பே ஆற்றல் நேராக அங்கே தாவிவிடும். இடையில் ஒளி பயணிப்பதே இல்லை! ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு தம்புராக்களில் ஒன்றை மீட்டினால் மற்றதும் அதிருமே, ஏறக்குறைய அப்படி.

இதற்குக் கணக்கு எழுதியவர், ஜெர்மன் விஞ்ஞானி தியோடர் ஃபோர்ஸ்டர். 1948-ல் வெளியான அவரது கோட்பாட்டின்படி, இடைவெளி இரண்டு மடங்கானால் கைமாறும் வேகம் 64-ல் ஒரு பங்காகிவிடும். 10 நானோமீட்டரைத் தாண்டினால் திருட்டு கிட்டத்தட்ட நடக்காது.

டெஸ்ட்டின் சூட்சுமமே இதுதான். மாதிரியில் வைரஸ் இருந்தால், அதன் மரபணுப் பிரதியில் புரோப் போய் ஒட்டிக்கொள்ளும். பிரதி எடுத்துக்கொண்டே வரும் 'டாக்' என்ற நொதி, வழியில் இருக்கும் புரோப்பை வெட்டித் தள்ளும். (வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த நொதி என்பதால், கொதிக்கும் சூட்டிலும் அசராது!) சாயமும் திருடனும் பிரிந்துவிட, சாயம் ஒளிரும். வைரஸ் இல்லையா? வெட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எத்தனையாவது சுற்றில் வெளிச்சம் குறிப்பிட்ட அளவைத் தாண்டுகிறதோ, அதுதான் சி.டி வேல்யூ. 22-க்கும் 32-க்கும் பத்து சுற்று வித்தியாசம். வைரஸ் அளவில் சுமார் 1,000 மடங்கு. இந்தியாவில் 35 வரை 'பாசிட்டிவ்' என்றது ஐ.சி.எம்.ஆர்.

ஆனால், மெஷினுக்குத் தெரிவது அந்த டியூபுக்குள் இருக்கும் வெளிச்சம் மட்டுமே. மூக்கில் குச்சியைச் சரியாக விடவில்லை என்றாலும் எண் கூடும்; தொற்று அப்போதுதான் தொடங்கியிருந்தாலும் கூடும். 34 என்று வாட்ஸ்அப்பில் நிம்மதி அடைந்தவர், இரண்டு நாளில் 20-க்கு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.